சொன்னால் கேட்கமாட்டான்

"விளையும் பயிர் முளையிலேயே தெரியும்" என்பது முதுமொழி. நெல் விளையும் நாஞ்சில் நாட்டில் பிறந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. என் பாட்டா கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு போகமும் வயலிலேயே கிடப்பவர். நாற்றின் நுனி சற்றே மஞ்சளித்தாலும் போதும். தண்ணீர் கூடிவிட்டதா, உரம் குறைந்துவிட்டதா, பூச்சி விழுந்துவிட்டதா என்று வரப்பில் நின்றபடியே சொல்லிவிடுவார். நானும் அதே வரப்பில்தான் நிற்பேன். எனக்கு எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரியும். முளையிலேயே தெரியும் என்பது உண்மைதான். ஆனால் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் அது தெரியும்.

பள்ளி என்பதும் ஒரு நாற்றங்கால். மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரையுள்ள பிஞ்சுகள் அங்கே நிற்கின்றன. அவற்றுள் ஒன்றுக்குக் காது மந்தம், ஒன்றுக்குப் பார்வை மங்கல், ஒன்றுக்குக் கை கால் விறைப்பு இருக்கலாம். வரப்பில் நிற்கும் ஆசிரியருக்கு அது தெரியுமா? தெரிந்துகொள்ளும் பயிற்சியை நாம் அவருக்குக் கொடுத்திருக்கிறோமா? இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக் கதை

எனக்கும் என் தம்பிக்கும் எட்டு வயது இடைவெளி. மூன்றரை வயதில் அவனை ஒரு தனியார் மழலையர் பள்ளியில் சேர்த்தார்கள். சேர்த்த மூன்றாம் மாதத்திலிருந்தே புகார் வரத் தொடங்கியது. "சொன்னா கேக்கவே மாட்டேங்கான் அக்கா. எழும்புன்னா இருக்கான், இருன்னா ஓடுகான். கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்க மாட்டேங்கான்" என்று அங்கிருந்த டீச்சர் அம்மாவிடம் சொல்வார். அம்மா தலைகுனிந்து வருவார். வீட்டில் அவனுக்கு அடி விழும். அடித்தவர்களில் நானும் ஒருத்தி. "வேணும்னுதான் திரும்ப மாட்டேங்கான்" என்று கோள் மூட்டியவளும் நான்தான்.

அவனுக்குக் காது கேட்கவில்லையோ என்று எங்களுக்கு ஏன் தோன்றவில்லை? இடி இடித்தால் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொள்வான். கோயில் மணி அடித்தால் ஜன்னல் பக்கம் திரும்புவான். திருவிழாவில் செண்டை மேளம் கேட்டுக் குதிப்பான். காது கேட்காத பிள்ளையா மேளத்துக்கு ஆடும் என்று நினைத்தோம். செவித்திறன் குறைபாடு என்பது முழு அமைதி என்று எண்ணியதே எங்கள் அறியாமை.

இரண்டு ஆண்டுகள் இப்படியே சென்றன. பிறகு ஒன்றாம் வகுப்பிற்கு எங்கள் ஊர்ப் பள்ளியில் சேர்ந்தான். அங்கிருந்த ஆசிரியை சேர்ந்த இரண்டாம் வாரமே ஒரு காரியம் செய்தார். பிள்ளைகள் எல்லாரும் படம் வரைந்துகொண்டிருந்தபோது, பின்னால் போய் நின்று ஒரு எவர்சில்வர் தம்ளரைக் கரண்டியால் மெல்லத் தட்டினார். எல்லாப் பிள்ளைகளும் திரும்பின. என் தம்பி மட்டும் திரும்பவில்லை. பிறகு அவன் முன்னால் வந்து அமர்ந்து, அவன் பெயரைச் சொன்னார், சிரித்தான். கையால் வாயை மறைத்துக்கொண்டு அதே பெயரைச் சொன்னார், விழித்தான்.

அன்று மாலையே அம்மாவை அழைத்து, "இது சோதனை இல்லை, எனக்கு வந்த ஐயம்தான். ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள்" என்றார். மருத்துவமனையில் செவித்திறன் சோதனை செய்தார்கள். இரண்டு காதுகளிலும் குறைபாடு இருந்தது. பெருத்த ஒலிகள் கேட்கும். பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காது. எங்கள் குரல் அவனுக்கு ஓசையாக வந்ததே தவிரச் சொல்லாக வரவில்லை.

தமிழில் "கேட்கமாட்டான்" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பணியமாட்டான் என்பது ஒன்று. காதில் விழாது என்பது மற்றொன்று. இரண்டு ஆண்டுகள் நாங்கள் எல்லாரும் முதல் பொருளையே பிடித்துக்கொண்டிருந்தோம்.

செய்தி அறிந்து அந்த மழலையர் பள்ளி டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிற்கு வந்தார். தம்பியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். "மூலையில நிக்க வச்சிருக்கேன் அக்கா. எனக்கு யாரும் சொல்லித் தரலியே" என்றார். அவர் கெட்டவர் அல்லர். தம்பிக்கு மதியச் சோறு ஊட்டியவரும் அவர்தான். அவரிடம் அன்பு இருந்தது, பயிற்சி இல்லை. ஒன்றாம் வகுப்பு ஆசிரியையிடம் அன்பும் இருந்தது, பயிற்சியும் இருந்தது. எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்த ஒன்று அவருக்கு இரண்டு வாரத்தில் தெரிந்தது.

இளமை ஏன் முக்கியம்?

குழந்தையின் மூளை முதல் சில ஆண்டுகளில்தான் மிக விரைவாக வளர்கிறது. மொழி வேர்விடும் காலமும் அதுவே. காதில் விழும் பேச்சையோ, கண்ணால் காணும் சைகை மொழியையோ கொண்டுதான் மூளை மொழியைக் கட்டுகிறது. அந்தக் காலத்தில் இரண்டும் கிடைக்காவிட்டால், பிற்பாடு இரட்டிப்பு உழைப்பு வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சையை 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென்று வைத்திருப்பதும் இதனால்தான். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு இளமையில் கொடுக்கும் இயன்முறைப் பயிற்சியும், ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இளமையில் கொடுக்கும் பேச்சுப் பயிற்சியும் இவ்வாறே காலத்தோடு கட்டுண்டவை.

இந்தக் குழந்தையை நாள்தோறும் பல மணி நேரம், அதே வயதுடைய மற்றப் பிள்ளைகளின் நடுவில் வைத்துப் பார்ப்பவர் யார்? ஆசிரியர்தான். தாய் தன் ஒரு பிள்ளையைப் பார்க்கிறாள்; ஆசிரியர் முப்பது பிள்ளைகளுக்கிடையே ஒரு பிள்ளையைப் பார்க்கிறார். வேறுபாடு முதலில் தெரிய வேண்டியது அவருக்கே. அவரைத் தயார் செய்வது அதனால்தான் இன்றியமையாததாகிறது.

பயிற்சி பெற்ற அன்பு

ஹெலன் கெல்லரின் கதை நாம் எல்லாரும் அறிந்ததே. பார்வையும் செவியும் இல்லாத ஏழு வயது நிரம்பாத அச்சிறுமியிடம், 1887ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் ஆன் சல்லிவன் வந்து சேர்ந்தார். அடுத்த மாதமே, தண்ணீர்க் குழாயடியில், கையில் விழும் நீருக்கும் உள்ளங்கையில் எழுதப்படும் எழுத்துகளுக்கும் உள்ள தொடர்பு ஹெலனுக்குப் பளிச்சென்று விளங்கியது. இதை அற்புதம் என்று நாம் சொல்கிறோம். அந்த அற்புதத்தின் முன்கதையைப் பலர் சொல்வதில்லை. சல்லிவனுக்கு அப்போது வயது இருபது. அவரும் பார்வைக் குறைவால் துன்புற்று, பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர். ஹெலனிடம் புறப்படும் முன், அதே நிலையிலிருந்த லாரா பிரிட்ஜ்மன் என்ற பெண்ணுக்கு அப்பள்ளியில் எவ்வாறு கற்பித்தார்கள் என்ற குறிப்புகளைப் பல மாதங்கள் உட்கார்ந்து படித்தார். அந்தப் படிப்பு இல்லையென்றால் குழாயடியில் வெறும் தண்ணீர்தான் ஓடியிருக்கும்.

மரியா மாண்டிசோரி அம்மையாரின் கதை இன்னும் சிறப்புடையது. இன்று வசதியான பள்ளிகள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் மாண்டிசோரி முறை எங்கே பிறந்தது தெரியுமா? இத்தாலியில் மருத்துவம் படித்த அவர், அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடம்தான் முதலில் பணி செய்தார். அவர்களுக்கு மருந்தைவிடத் தகுந்த கல்வியே தேவை என்று வாதிட்டார். தொட்டுப் பார்க்கும் எழுத்துகளையும், மரத்தால் செய்த கருவிகளையும் கொண்டு அவர்களுக்குக் கற்பித்தார். அதில் கண்ட பலனை 1907இல் ரோம் நகரின் ஏழைக் குழந்தைகளுக்குத் தொடங்கிய 'குழந்தைகள் இல்ல'த்தில் பயன்படுத்தினார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து நம் நாட்டு ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தார். குறைபாடு உள்ள குழந்தைக்காகக் கண்டுபிடித்த வழி எல்லாக் குழந்தைகளுக்கும் நல்ல வழியாயிற்று. அப்படியிருக்க, "இவர்களைச் சேர்த்தால் மற்றப் பிள்ளைகளின் படிப்புக் கெடும்" என்று சிலர் சொல்வது எவ்வளவு பொருத்தமற்றது!

நம் மண்ணில்

இந்தியாவில் இப்பணிக்கு முதலில் தோள் கொடுத்தவர்கள் பெரும்பாலும் துறவியரும் மறைப்பணியாளர்களும் ஆவர். 1880களின் நடுவில் மும்பையில் ஆயர் லியோ மேயுரின் காது கேளாதோருக்குப் பள்ளி தொடங்கினார். 1887இல் அமிர்தசரசில் ஆனி ஷார்ப் அம்மையார் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். நமக்கு அண்டையிலுள்ள பாளையங்கோட்டையில், 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில், ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், புளோரன்ஸ் சுவேன்சன் அம்மையார் காது கேளாதோருக்கும் பள்ளிகளைத் தொடங்கினார்கள். சென்னையில் கத்தோலிக்கச் சகோதரிகள் நடத்தும் லிட்டில் பிளவர் கான்வென்ட் பள்ளியும் இவ்வழியில் வந்ததே. 1969இல் சென்னையில் தொடங்கிய பால வித்யாலயா, பள்ளி வயதிற்கும் முற்பட்ட காது கேளாத மழலைகளுக்கு, தாய்மாரையும் உடன் அமர்த்திப் பேச்சுப் பயிற்சி தருகிறது.

ஆய்க்குடியை நாம் மறக்கலாகாது. தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள ஊர் அது. எஸ். இராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர் 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவர் தம் ஊரில் 1981ஆம் ஆண்டு, ஐக்கிய நாடுகள் சபை உலக ஊனமுற்றோர் ஆண்டாகக் கொண்டாடிய அதே ஆண்டில், அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரையே அதற்கு வைத்தார். சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்று, வளர்ச்சி தாமதமான குழந்தைகளை இளமையிலேயே கண்டறியும் பணியை அச்சங்கம் செய்து வருகிறது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

சிறப்புப் பள்ளிகள் எல்லா ஊரிலும் இருக்க முடியாது. 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். ஆகவே குழந்தை தன் ஊர்ப் பள்ளியில், தன் தெருப் பிள்ளைகளோடு அமர்ந்து படிக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. 1974இலேயே மத்திய அரசு இதற்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 1994இல் ஸ்பெயின் நாட்டின் சாலமான்கா நகரில் கூடிய 92 அரசுகளின் பிரதிநிதிகள் இதையே உலகக் கொள்கையாக அறிவித்தனர். இதற்கு 'உள்ளடக்கிய கல்வி' என்று பெயர்.

1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றிருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக உயர்த்தியது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு முதலியன அதில் இடம்பெற்றன. எந்தப் பள்ளியும் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், கட்டிடம் எளிதில் செல்லத்தக்கதாய் இருக்க வேண்டும், கற்றல் குறைபாட்டை இளமையிலேயே கண்டறிய வேண்டும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும், சைகை மொழியும் பிரெய்லும் அறிந்த ஆசிரியர்களை நியமிக்க வேண்டும் என்றெல்லாம் அச்சட்டம் கூறுகிறது. 2021ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தொடக்க வகுப்புகளில் இத்தகைய பிள்ளைகள் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியரும், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவரும் வேண்டும் என்று கணக்கிட்டுச் சொன்னது.

ஆசிரியர் எவ்வளவு தயார்?

இக்கேள்விக்கு விடை ஆசிரியருக்கு ஆசிரியர் வேறுபடுகிறது.

முதலில் சிறப்பாசிரியர்கள். இவர்கள் இந்திய மறுவாழ்வுக் கழகம் ஏற்றுக்கொண்ட படிப்பை முடித்து, அதில் பதிவு செய்திருக்க வேண்டும். படிப்பு ஆழமானது. ஆனால் ஒருவர் செவித்திறன் துறையிலோ, பார்வைத் துறையிலோ, அறிவுசார் துறையிலோ ஏதாவது ஒன்றில்தான் தேர்ச்சி பெறுகிறார். பள்ளியில் அவர் முன் வருவதோ எல்லா வகைப் பிள்ளைகளும். நம் மாவட்டத்தின் 9 ஒன்றியங்களிலும் வட்டார வள மையத்தைச் சேர்ந்த சிறப்புப் பயிற்றுநர்கள் பல பள்ளிகளுக்கு மாறி மாறிச் செல்கிறார்கள். பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளின் வீட்டிற்கும் செல்கிறார்கள். என் தம்பியின் பள்ளிக்கு வரும் பயிற்றுநர் வரும் நாள் அவனுக்குத் திருநாள். மற்ற நாள்களில் அவனுக்குத் துணை வகுப்பாசிரியர்தான்.

இரண்டாவது, பொது வகுப்பாசிரியர்கள். 2014ஆம் ஆண்டின் விதிமுறைகளுக்குப் பிறகு பி.எட். படிப்பு இரண்டு ஆண்டாயிற்று. அதில் உள்ளடக்கிய பள்ளி பற்றிய பாடமும் சேர்க்கப்பட்டது. அது நல்ல மாற்றமே. ஆயினும் ஒரு பாடத்தை எழுதித் தேறுவது வேறு. ஒரு குழந்தையோடு இருந்து பழகுவது வேறு. நீச்சலைப் புத்தகத்தில் படித்துத் தேர்வு எழுதியவர் முதன்முதலாகக் குளத்தில் இறங்குவதைப் போன்றது அது. அதற்கு முன் பயிற்சி முடித்தவர்களுக்கு அந்தப் பாடமும் இல்லை. பணியிடைப் பயிற்சி ஒன்றே அவர்களுக்கு வழி. நம் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் தேரூரில் இருக்கிறது. குழந்தைகளுக்காகப் பாடிய கவிமணி பிறந்த ஊர் அது. அவரும் ஓர் ஆசிரியரே. பொருத்தமான இடத்தில்தான் நிறுவனம் அமைந்திருக்கிறது! எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெற்று, 2011இல் 91.75 விழுக்காடு எட்டிய மாவட்டம் நம்முடையது. அந்தப் பெருமையில் என் தம்பி போன்றோருக்கும் பங்கு வேண்டாமா?

மூன்றாவது, அங்கன்வாடிப் பணியாளரும் மழலையர் பள்ளி ஆசிரியரும். குழந்தையை முதலில் காண்பவர்கள் இவர்களே. ஆயினும் இவர்களின் பயிற்சியே மிகக் குறைவு. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தில், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென்று தனி வழிகாட்டு நெறிமுறை மத்திய அரசால் வெளியிடப்பட்டது 2023 நவம்பரில்தான். 2013 முதல் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் சென்று பிள்ளைகளைச் சோதிக்கின்றன. தெருவுக்குத் தெரு உள்ள தனியார் மழலையர் பள்ளிகள் இத்திட்டத்தில் இல்லை. என் தம்பி விழுந்தது இந்தச் சந்தில்தான்.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

பெரும் செலவு இல்லாமல் செய்யக்கூடியவை பல உண்டு. தம்பியின் ஆசிரியையும் பயிற்றுநரும் சொன்னவற்றையும், நான் படித்தறிந்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

காது மந்தமான குழந்தை: பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாது, பேசுபவர் முகத்தையே உற்றுப் பார்க்கும், மற்றப் பிள்ளைகள் செய்வதைப் பார்த்த பிறகே தானும் செய்யும். இக்குழந்தையை முன்வரிசையில் அமர்த்த வேண்டும். ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசக்கூடாது. ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டாகிவிடும். வெளிச்சம் முகத்தில் விழும்படி நிற்க வேண்டும். உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துவிடும் என்றும் நம்பக்கூடாது. தோழிகளே, கண்ணாடி முன் நின்று குரல் எழுப்பாமல் 'பாடு' என்றும் 'மாடு' என்றும் சொல்லிப் பாருங்கள். உதடு இரண்டிற்கும் ஒன்றுபோலவே அசையும்! காதொலிக் கருவி எல்லா ஓசையையும் பெரிதாக்கும். மின்விசிறிச் சத்தத்தையும் ஓட்டின் மேல் பெய்யும் மழையையும் கூட. மழைநாளில் எழுதிக் காட்டுவதே நலம்.

பார்வை குறைந்த குழந்தை: புத்தகத்தை மூக்கருகே வைக்கும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், படியில் இடறும். பெரிய எழுத்து, நல்ல வெளிச்சம், எழுதுவதை வாய்விட்டுச் சொல்லுதல் ஆகியவை உதவும். முற்றிலும் பார்வையற்ற குழந்தைக்கு ஆறே புள்ளிகளால் ஆன பிரெய்ல் உண்டு, தமிழுக்கும் உண்டு.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை: கை விறைப்பாக இருக்கும், பேச்சுக் குழறலாம். பேச்சுக் குழறுவதால் அறிவும் குறைவு என்று எண்ணுவது பெருந்தவறு. பென்சிலில் துணி சுற்றித் தடிமனாக்கலாம். தாள் நகராமல் மேசையில் ஒட்டி வைக்கலாம். விடை சொல்லக் கூடுதல் நேரம் தரலாம்.

ஆட்டிசம் உள்ள குழந்தை: பெயர் சொல்லி அழைத்தாலும் கண் பார்க்காதிருக்கலாம், திடீர் மணியோசைக்குக் காதைப் பொத்தி அலறலாம். அடுத்து என்ன நடக்கும் என்பதைப் படங்களாக வரைந்து வரிசையாக ஒட்டினால் அதன் அச்சம் குறையும். மணி அடிக்கும் முன் சொல்லிவிடலாம்.

மெதுவாகக் கற்கும் குழந்தை: ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பலமுறை செய்யவிட வேண்டும். கை கழுவுவதே ஏழெட்டுப் படிகள் என்று பயிற்றுநர் எண்ணிக் காட்டியபோது வியந்தேன்.

ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். ஆசிரியர் மருத்துவர் அல்லர். தம்ளர் தட்டிப் பார்ப்பது நோயறியும் சோதனை ஆகாது. ஐயம் தோன்றினால் பெற்றோரிடம் கனிவாகச் சொல்லி, உரிய இடத்திற்கு அனுப்புவதே அவர் கடமை. மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் இதற்கெனவே உள்ளன. எல்லை தாண்டினால் திருவனந்தபுரம் ஆக்குளத்தில் 1997இல் தொடங்கிய தேசியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனமும் நம் மாவட்டத்தாருக்கு எட்டும் தூரமே.

வேண்டுகோள்

பெற்றோரே, உங்கள் பிள்ளையைப் பற்றி ஆசிரியர் ஓர் ஐயம் சொன்னால் கோபப்படாதீர்கள். "என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை" என்று சண்டையிட்டு வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவோரும் உண்டு. அதற்கு அஞ்சியே சில ஆசிரியர்கள் வாய் திறப்பதில்லை. "யார் கண் பட்டதோ, என்ன பாவம் செய்தோமோ" என்று தங்களையே நொந்துகொள்ளவும் வேண்டாம். என் அம்மா அப்படி நொந்து அழுத இரவுகளை நான் அறிவேன். அதனால் தம்பிக்கு ஒரு சொல்லும் கூடுதலாகக் கேட்கவில்லை.

நம் மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளிடம் ஒரு விண்ணப்பம். நம் பள்ளியின் ஆசிரியப் பெருமக்களுக்கும், சுற்றுவட்டாரத்து மழலையர் பள்ளி ஆசிரியைகளுக்கும் சேர்த்து ஆண்டிற்கு ஒருமுறை, விடுமுறையில் இரண்டு நாள், வட்டார வள மையத்துப் பயிற்றுநரை அழைத்துப் பயிற்சி நடத்தலாகாதா? குழந்தைகளைக் கண்டு, பழகி, கேட்டறியும் பயிற்சியாக அது இருக்க வேண்டும். எங்கள் வீட்டிற்கு வந்து அழுத அந்த டீச்சர் முதல் வரிசையில் வந்து அமர்வார் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

தோழிகளே, நம்மில் பலர் நாளை ஆசிரியைகளாவோம். அனைவரும் அக்காமாராகவும் சித்திமாராகவும் இருப்போம். ஒரு பிள்ளையைச் 'செவிடு', 'மந்தம்', 'அடம்' என்று பெயர் வைக்கும் முன் ஒரு கணம் நின்று பார்ப்போம்.

என் தம்பிக்கு இப்போது ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. இரண்டு காதிலும் கருவி அணிகிறான். இழந்த இரண்டு ஆண்டுகளை இன்னும் துரத்திக்கொண்டுதான் இருக்கிறான். 'ச' அவன் வாயில் இன்னும் முழுதாக வரவில்லை. ஆனால் புத்தகத்தை விரல் வைத்து வாசிக்கிறான். சென்ற வாரம் அம்மா அவனைப் படிக்க உட்காரச் சொல்லித் திட்டினார். அவன் அமைதியாக இரண்டு கருவிகளையும் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

"சொன்னா கேக்கவே மாட்டேங்கான்!" என்றார் அம்மா. இந்த முறை அது முதல் பொருளில்தான். நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு